வரட்டுமா

வாங்க கண்ணுகளா, வாங்க. வாசலோடு நின்றுவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து, தோளோடு தோள் உரசுகிற மாதிரி உட்காருங்கள். இது காதைப் பற்றிய கதை, அதனால் நான் மெதுவாகத்தான் சொல்வேன். நடுவில் பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்த கை யாருடையது என்று மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலையரசனுக்கு முதலில் உறுத்தியது மிகச் சின்ன விஷயம்தான். பாட்டு முடிந்த பிறகும் அந்தத் தட்டில் ஒரு சொல் மிச்சம் இருந்தது.

கிராமபோன் தட்டில் பாட்டு முடிந்தால் அப்புறம் ஒன்றும் இருக்காது. முள் உள்வட்டத்துக்குப் போய், வாணலியில் மணல் வறுபடுகிற மாதிரி கரகரவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். எழுந்து போய் அதைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். அவனும் அதற்காகத்தான் எழுந்தான். அப்போது அந்தக் கரகரப்புக்கு அடியிலிருந்து, பாடிய அதே பெண், பாட்டை விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பேசுகிற குரலில் என்னவோ சொன்னாள்.

"போயிட்டு வரேன்னு சொல்றா," என்றாள் அவன் மனைவி உண்ணாமலை, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியபடியே. வீட்டுக்கு வந்தவர்கள் விடைபெறும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. யோசிப்பதற்கு முன்பே பதிலும் வந்துவிட்டது. "சரிங்க, போயிட்டு வாங்க."

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு. "இன்னா நானு, ரெக்கார்டுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு இருக்கேன்."

கலையரசனும் சிரித்தான். கண்ணுகளா, அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அது தொண்ணூற்றேழாம் வருஷம், ஆவணி மாதம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மனை போட்ட இடத்தில் வீடு கட்டிக் குடிவந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுவரில் சிமென்ட் வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. எதிரே ஒரு காலி மனை, அதில் ஆளுயரத்துக்கு வேலிக்காத்தான் புதர், அதற்குப் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு மலை. பழைய வீடு என்றால் அதில் யார் யாரோ வாழ்ந்திருப்பார்கள், யார் யாரோ செத்திருப்பார்கள். இது யாரும் அழுதிராத வீடு. அந்த நினைப்பே கலையரசனுக்குத் தெம்பாக இருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அந்த நாள். காலை ஒன்பதிலிருந்து ஊரே வாயடைத்துக் கிடந்தது. மிக்சி இல்லை, டிவி இல்லை, தண்ணி மோட்டார் இல்லை, கல்யாண மண்டபத்துக் குழாய் ரேடியோ இல்லை. அந்த அமைதிக்காகத்தான் கலையரசன் காத்திருந்தான். கிராமபோனுக்குக் கரண்டு எதற்கு? கைப்பிடியைச் சுற்றி முறுக்கு ஏற்றினால் போதும்.

அவன் சர்க்கார் ஆபீசில் இளநிலை உதவியாளன். ஆனால் அவன் காதுக்கு ஊரில் தனிப் பேர். தேரடிப் பக்கம் மைக் செட் கடை வைத்திருக்கும் அவன் கூட்டாளி அருணகிரி முந்தின நாள்தான் புனல் வைத்த ஒரு கிராமபோன் பெட்டியையும், மூன்று சவுண்டு பாக்ஸையும், கூடவே துணியில் சுற்றிய ஒரு தட்டையும் கொண்டுவந்து இறக்கியிருந்தான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவருக்கு இந்தப் பெட்டி வேண்டுமாம். மூன்றில் எது நல்ல சவுண்டு பாக்ஸோ, அதை மாட்டித் தர வேண்டுமாம்.

"எனக்கு மூணுமே ஒரே மாதிரிதான் கத்துது," என்றான் அருணகிரி. "இருவது வருஷமா ஸ்பீக்கராண்ட நின்னு நின்னு காது தகரமா பூடுச்சு. உனக்குத்தான் பாம்புக் காது. கேட்டுச் சொல்லுடா."

சவுண்டு பாக்ஸ் என்பது உள்ளங்கை அகல வட்ட டப்பா. கீழே முள்ளை மாட்ட வேண்டும். முள் தட்டின் கோட்டில் ஓடும்போது டப்பாவுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அதிரும். நம் காதுக்குள் ஒரு சவ்வு இருக்கிறதே, அதுபோலத்தான். அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது கேட்கும், அது பேசும்.

எது உசத்தி என்று பார்க்கக் கலையரசன் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தான். சத்தம் ஜாஸ்தியா கம்மியா என்று பார்க்க மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். எத்தனை அடி தூரம் என்று நோட்டில் குறித்துக்கொள்வான். தூரம் குறையக் குறைய சவுண்டு பாக்ஸ் நல்ல சவுண்டு பாக்ஸ். தன் காதைத் தானே நம்பினால் ஆசை குறுக்கே வந்துவிடும் என்று, கை நீட்டுகிற வேலையை எப்போதும் உண்ணாமலைக்குத்தான் கொடுப்பான்.

அருணகிரி கொடுத்த தட்டில் லேபிள் இல்லை. நடுவில் வெறும் கறுப்பு. ஆனால் இந்த வேலைக்கு அதைவிடத் தோதான தட்டு கிடைக்காது. மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை, ஒரே ஒரு பெண் குரல். தாலாட்டு.

முதலில் மாட்டியது ஈய வார்ப்பு டப்பா. அதன் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கால் வந்தது.

"எங்க நிக்கிறா?" என்று கேட்டான்.

உண்ணாமலையின் வலது கை உயர்ந்தது. கண்ணாடி வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன. விரல் வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, எதிர் மனையைக் காட்டியது. "அங்க. அந்தப் புதராண்ட."

ஐம்பது அடி என்று எழுதினான். அதற்கப்புறம்தான் அந்த மிச்சச் சொல்லும், "போயிட்டு வாங்க"வும், சிரிப்பும்.

சிரிப்பு அடங்கும்போது அவள் இடது கை துள்ளியது. வயிற்றின் மேல் வைத்திருந்த கை. "ஏங்க," என்றாள். குரல் மாறிவிட்டது. "உதைச்சுது. இப்பதாங்க, நல்லா உதைச்சுது!"

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு தங்காமல் போயிருந்தன. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று ஏழாம் மாதம். அந்த ஏழாம் மாதத்துக் குழந்தை போவதற்கு முன் நான்கு நாள் வயிற்றில் அசையாமல் இருந்தது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். முந்தாநாளிலிருந்து அசைவு இல்லை. டாக்டரம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு, இருக்கிறது, கவனித்துக்கொண்டே இருங்கள் என்று அனுப்பியிருந்தார். அதிலிருந்து இந்த இடது கை வயிற்றை விட்டு எடுபடவே இல்லை. சோறு தின்றாலும் அங்கேதான், தூங்கினாலும் அங்கேதான்.

கலையரசன் மண்டியிட்டுத் தன் காதை அவள் வயிற்றில் வைத்தான். உள்ளே ஒரு புரளல். அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாட்டு புடிச்சிருக்குது அதுக்கு," என்றாள் அவள். "இன்னொண்ணுல போடுங்க."

இரண்டாவது, அலுமினியச் சவ்வு வைத்தது. அதை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினான். குரல் கணீரென்று, கொஞ்சம் தகரத்தனமாக, கூடம் முழுக்கப் பாய்ந்தது. ஈய டப்பாவில் கேட்காத எல்லாம் இதில் கேட்டது. பாடுகிறவள் ஒவ்வோர் அடிக்கும் நடுவே இழுக்கிற மூச்சு. அவள் வளையல். அப்புறம், பாட்டின் அடியிலேயே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சத்தம், கிரீச், கிரீச், கிரீச் என்று கொக்கியில் கயிறு உரசுகிற சத்தம்.

"தொட்டில் ஆட்டுறா," என்றான் கலையரசன், சந்தோஷமாக. இவ்வளவு சன்னமான சத்தத்தை எடுத்துக் கொடுக்கிறதே என்று.

உண்ணாமலை தலையைச் சாய்த்துக் கேட்டாள். "தொட்டில்ல புள்ள இல்லீங்க."

"இன்னா?"

"கனம் இருந்தா கயிறு இப்டிக் கத்தாது. மெதுவா, அழுத்தமா வரும். இது வெறுந்தொட்டில். வெறுந்தொட்டில ஆட்டிக்கினு பாடிக்கினு இருக்கா."

அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். "எங்க நிக்கிறா?"

அவள் கை உயர்ந்தது. இந்த முறை வாசலைத் தாண்டவில்லை. "செருப்பு விடற எடத்துல."

அவனையறியாமல் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவு. வெள்ளை வெயில். படியருகே இரண்டு ஜோடிச் செருப்பு, அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. வேறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் வருமே, சுக்கும் பூண்டும் சாம்பிராணியும் கலந்த வாசனை, அது. அதற்கு அடியில், துணியில் ஊறித் திரிந்துபோன பால் வாடை. பக்கத்தில் எந்த வீட்டில் பிரசவம்? பக்கத்தில் வீடே இல்லை. இருபுறமும் அஸ்திவாரக் குழிகள்தான்.

பாட்டு முடிந்தது. முள் உள்வட்டத்துக்குப் போயிற்று. கரகரப்பு. அதற்குள்ளிருந்து அந்தச் சொல்.

போயிட்டு என்பது இதில் இல்லை. ஈய டப்பாவின் இரைச்சலைத்தான் அவர்கள் போயிட்டு என்று கேட்டிருக்கிறார்கள். வரேன் என்பதும் இல்லை. இப்போது தெளிவாக இருந்தது. கேள்வியாக இருந்தது.

"வரட்டுமா?"

புறப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதானே அது. நீங்களும் நானும் தினம் கேட்பதுதான். போகிறவர் கேட்டால் ஒன்றுமில்லை, கண்ணுகளா. இவள் போகிறவளாக இல்லை. எதிர் மனையிலிருந்து செருப்பு விடுகிற இடம் வரைக்கும் வந்திருக்கிறாள்.

உண்ணாமலை வாயைத் திறந்தாள். கலையரசன் அவள் வாயைக் கையால் பொத்தினான்.

தட்டை அது வந்த துணியிலேயே சுற்றி அலமாரியின் மேல்தட்டில், பழைய சூட்கேசுக்குப் பின்னால் வைத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அருணகிரி வந்தான். கலையரசன் மனைவியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, அலுமினியத்தையே மாட்டிப் போட்டுக் காட்டினான். அருணகிரி காபியை ஆற்றிக்கொண்டே முழுத் தட்டையும் கேட்டான்.

"நல்லாத்தானடா பாடுது."

"கடைசியில?"

"கடைசியில இன்னா, கரகரன்னுது. டேய், அப்பா ஆகப்போற பயம்டா உனக்கு. எனக்கும் இருந்துச்சு. மூணாவதுக்கப்புறம் பூடும்." சிரித்துவிட்டு, கலையரசன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இந்தத் தட்டு ஏது?"

"எவனுக்குத் தெரியும். பழைய வூடு இடிச்ச எடத்துல ஒரு மூட்டையா எடுத்தேன். எல்லாம் உடைசல், இது ஒண்ணுதான் முழுசு. இதை மட்டும் துணி சுத்தி வெச்சிருந்தாங்க."

"இந்தத் துணியா?"

"அதான்."

கலையரசன் துணியை அப்போதுதான் நன்றாகப் பார்த்தான். நைந்த பழஞ்சேலை. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுப் போட்டு இறுகிய மடிப்பு. நடுவில், தொய்ந்த இடத்தில், வட்டமாக ஒரு பழைய கறை.

தூளிச் சேலை.

"எடுத்துக்கினு போடா இதெல்லாம்," என்றான்.

"வெள்ளிக்கெழம வரேன், வண்டி இல்ல இப்ப. அதுக்குள்ள எது நல்லதுன்னு சொல்லி வெய்யி." அருணகிரி செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் திரும்பி நின்று கேட்டான். "சரிடா, வரட்டுமா?"

கலையரசன் தலையை மட்டும் ஆட்டினான்.

அந்தப் பாட்டு நின்றதிலிருந்து குழந்தையும் நின்றுவிட்டது. ஞாயிறு அசைவில்லை. திங்கள் இல்லை. செவ்வாய் டாக்டரம்மாவிடம் போனார்கள். துடிப்பு இருக்கிறது, ஆனால் சன்னமாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்போம், அதற்குள் வேறு மாதிரி தெரிந்தால் உடனே ஓடிவாருங்கள் என்றார். புதன் இல்லை. வேதா, அவளுடைய தங்கை, வளைகாப்பை எப்போது வைத்துக்கொள்வது என்று போன் செய்தாள். உண்ணாமலை போனை வைத்துவிட்டு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவளே அலமாரியின் முன் ஸ்டூலைப் போட்டு ஏறப் பார்த்தாள். கலையரசன் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"அந்தப் பாட்டப் போடுங்க."

"வேணாம்மா."

"உங்களுக்கு பயம். எனக்கு மட்டும் இல்லையா? அவ யாரோ, எவளோ. எனக்கு வேண்டியது எம் புள்ள அசையணும், அவ்ளோதான். அஞ்சு நாளாச்சுங்க. போன தடவ நாலு நாளுதான்."

அவன் தட்டை எடுத்தான்.

ஏன் மூன்றாவதை மாட்டினான் என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டிருக்கிறான். ஈய டப்பாவையே போட்டிருக்கலாம். புதரண்டையே நின்றிருப்பாள். ஆனால் அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தூரத்துக் குரலுக்கே உதைத்த குழந்தை, கிட்டக் கேட்டால் இன்னும் நன்றாக உதைக்கும்.

மூன்றாவது காக்காப்பொன் சவ்வு, மைக்கா என்பார்களே, அது. பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக்கி இருபுறமும் வளையமாக வைத்தான். சவ்வும் முள்ளைப் பிடிக்கிற கம்பியும் சேர்கிற புள்ளியில் ஒரு பொட்டுத் தேன்மெழுகு உருக்கி விட்டான். இரும்பு முள்தான் கரகரப்புக்குக் காரணம், மர முள்ளானால் சன்னமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் மனைக்குப் போய், வேலிக்காத்தானில் நல்ல முற்றிய முள்ளாக ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தான். எந்த இடத்திலிருந்து ஒடித்தான் என்பது வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. உண்ணாமலையின் விரல் முதல் நாள் காட்டிய இடம்.

மின்விசிறியை நிறுத்தினான். முள்ளைத் தட்டில் இறக்கினான்.

கரகரப்பே இல்லை.

அதுதான் முதல் பயம். தட்டு என்று ஒன்று சுற்றுகிற அடையாளமே இல்லை. கூடத்து அமைதிக்குள், யாரோ பாடப் போகிறவர் மூச்சு இழுத்தார். பாட ஆரம்பித்தார். பெட்டி இருந்த பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. சேலை உரசியது. வளையல் ஒன்றோடொன்று பட்டது. பால் வாடை, கனமாக, மூக்கின் மேல் துணியைப் போட்ட மாதிரி வந்து இறங்கியது. கிரீச், கிரீச், கிரீச். வெறுந்தொட்டில்.

உண்ணாமலையின் வயிறு அசைந்தது. சேலைக்கு மேலேயே தெரிந்தது. உள்ளே ஒரு மேடு எழுந்து, இடமிருந்து வலமாக, யாரையோ பார்க்கத் திரும்புகிற மாதிரி நகர்ந்தது.

"அசையுதுங்க," என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "அசையுது."

"எங்க நிக்கிறா?" என்றான் அவன்.

கை உயரவில்லை.

"நிக்கல. உக்காந்துட்டா."

"எங்க?"

அவள் கண்ணைத் திறந்தாள். சோபாவில் தன் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். ரெக்சின் மெத்தை. நடுவில் குழிந்திருந்தது.

பாட்டு முடிந்தது.

"வரட்டுமா?"

அருகில். மிக அருகில். கெஞ்சலாக இல்லை. மிரட்டலாக இல்லை. மரியாதையாக.

வயிறு நின்றுவிட்டது.

தட்டு சுற்றியது. பாடியவள் பதிலுக்குக் காத்திருந்தாள். கலையரசனுக்குத் தெரிந்தது. முறுக்கு இன்னும் ஒரு நிமிஷம் தாங்கும். அப்புறம் தட்டு நிற்கும். அப்புறம் வயிறும்.

"அசையலீங்க." உண்ணாமலை இரண்டு கையாலும் வயிற்றை அழுத்தினாள். "சில்லுன்னு இருக்குது. ஏங்க. சில்லுன்னு இருக்குது."

தட்டு தளர்ந்தது.

"எதனா சொல்லுங்களேன் அவளுக்கு!"

"வாங்க," என்றான் கலையரசன்.

தட்டு நின்றது.

ரெக்சின் மெத்தை, காற்று மெல்ல உள்ளே போக, தானாக நிமிர்ந்தது. உண்ணாமலையின் வயிறு அசைந்தது. உதையில்லை. புரளல் இல்லை. புதிதாக ஓரிடத்தில் உட்கார்ந்த ஒருவர், வசதி பார்த்து இப்படியும் அப்படியும் நகர்ந்து, அப்புறம் நன்றாகச் சாய்ந்துகொள்கிற மாதிரி.

அவள் களைத்துப்போய் அப்படியே தூங்கிவிட்டாள். வெகு நேரம் கழித்து, கலையரசன் பழைய ஈய டப்பாவை மாட்டி, இரும்பு முள்ளைப் போட்டு, அந்தத் தட்டை இன்னொரு முறை சுற்ற விட்டான்.

பாட்டு இல்லை.

முழுத் தட்டிலும் பாட்டு இல்லை. கடைசிச் சொல்லும் இல்லை. தொட்டில் மட்டும் ஆடியது. கிரீ...ச். கிரீ...ச். மெதுவாக. அழுத்தமாக.

கனத்தோடு.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிரித்தார். அருமையாக இருக்கிறது, இனிமேல் பயமே வேண்டாம் என்றார். வளைகாப்பு நடந்தது. ஐப்பசி கடைசியில், ஒரு காலை நேரத்தில், பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. அழவில்லை, அவ்வளவுதான். பிள்ளையைத் தட்டினார்கள், கிள்ளினார்கள். அது மூச்சு விட்டது, கண்ணைத் திறந்தது, கூரையையும் சுவரையும் நின்றிருந்தவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. புதிதாக வந்த வீட்டை விருந்தாளி பார்ப்பது போல.

"இன்னா மாமா, உங்க பொண்ணு இவ்ளோ சமத்து," என்றாள் உதவிக்கு வந்திருந்த வேதா. "பசிச்சாக்கூட அழ மாட்டேங்குறா. உத்து உத்துப் பாக்குறா. எதையோ கேக்க நெனைக்கிற மாதிரியே."

உண்ணாமலை பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், எல்லாம் செய்தாள். ஆனால் அவளுடைய இடது கை இன்னும் வயிற்றின் மேலேயே இருந்தது. காலியான வயிற்றின் மேல்.

பெட்டியையும் மூன்று சவுண்டு பாக்ஸையும் அருணகிரியிடம் கொடுக்கப் போனவன், கடைசியில் பெட்டியைக் கொடுக்கவில்லை. காக்காப்பொன்னைக் கொடுக்கவில்லை. தட்டையும். தினம் மதியம், எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, புது முள் போட்டு, அவன் கேட்டான். தொட்டில் சத்தத்தின் அடியில் ஒரு மூச்சு இருந்தது. சின்ன மூச்சு. பிறகு ஒருநாள் ஒரு சிணுங்கல். நோட்டில் எழுதினான். பத்து அடி. மறுநாள் பதினைந்து. சவ்வை இறுக்கிப் பார்த்தான், தளர்த்திப் பார்த்தான், வால்வு டியூபை மாற்றிப் பார்த்தான். இருபது. இருபத்தைந்து. உலகத்தில் இருக்கிற நல்ல சவுண்டு பாக்ஸ் எல்லாம் குரலைக் கிட்டக் கொண்டுவரும். இது நாளுக்கு நாள் தூரமாக்கியது.

நாற்பதாம் நாள் மதியம். வேதா கடைக்குப் போயிருந்தாள். உண்ணாமலை சோபாவில் சாய்ந்து தூங்கினாள். கூடத்துக் கொக்கியில் கட்டிய புதுத் தொட்டிலில் குழந்தை படுத்திருந்தது. கலையரசன் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, காதைப் புனலின் வாயில் வைத்துக்கொண்டு முள்ளை இறக்கினான்.

உள்ளே, வெகு தொலைவில், ஒரு குழந்தை அழுதது.

பசித்து அழுகிற அழுகை. யாரும் எடுக்காமல் விட்டு, தொண்டை கட்டிப்போன அழுகை. அவன் அதுவரை கேட்டதே இல்லை. கேட்ட அந்த நொடியில் தெரிந்துகொண்டான். யார் என்று.

"எங்க," என்று தனக்குள்ளேயே முனகினான். "எங்கடா தங்கம் இருக்கற."

வளையல் சத்தம் கேட்டது. திரும்பினான்.

உண்ணாமலை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கண் மூடியிருந்தது. வயிற்றை விட்டு எடுபடாத அந்த இடது கை மட்டும் மெல்ல உயர்ந்தது. விரல் நீண்டது. சாத்திய கதவைத் தாண்டி. கேட்டைத் தாண்டி. எதிர் மனைக்கு.

புதரண்டை.

அவன் எழுந்து ஓடப் பார்த்தான். கால் வரவில்லை. ஏனென்றால் அவனுக்குப் பின்னால் தொட்டில் ஆட ஆரம்பித்திருந்தது. ஆட்டுவதற்கு ஆள் இல்லை. காற்றும் இல்லை. பிள்ளை உள்ளே இருக்கிறது, தூளியின் துணி தொய்ந்திருக்கிறது, பார்க்கிறான். ஆனால் கயிறு கத்தியது.

கிரீச். கிரீச். கிரீச்.

வேகமாக. சன்னமாக. கனமே இல்லாத சத்தம்.

அப்புறம் தொட்டிலுக்குள்ளிருந்து யாரோ பாடப் போகிறவர் மூச்சு இழுத்தார். நாற்பது நாள் குழந்தையின் வாயிலிருந்து, முதிர்ந்த, பொறுமையான, அவனுக்கு மனப்பாடமாகிப்போன அந்தக் குரல் தாலாட்டைத் தொடங்கியது. புனலுக்குள் அழுதுகொண்டிருந்த அவன் மகள் அதைக் கேட்டாள்.

கேட்டு, விக்கி, மெல்ல அடங்கினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இப்போது பிடித்த கைகளை விட்டுவிடலாம். உங்கள் வீட்டுத் தொட்டில்கள் எல்லாம் கனமாகவே ஆடட்டும். உங்கள் பிள்ளைகள் பசித்தால் வீடு அதிர அழட்டும், அழுத குரலுக்கு ஓடிவர உங்கள் கால்கள் நன்றாக இருக்கட்டும். உங்கள் வாசல்படியில் உங்களுக்குத் தெரிந்த செருப்புகள் மட்டுமே கிடக்கட்டும். எழுந்து போகிறவர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள், நான் இன்றைக்கு அதைக் கேட்கப் போவதில்லை. நீங்களும் பதில் சொல்ல வேண்டாம். நல்லா இருங்க.

நான் போகிறேன்.